ஆறாத கால் புண்ணுக்கு அல்ட்ராசவுண்ட்: எந்தக் கருவி, எந்தக் காலுக்கு?

கணுக்காலின் உட்பக்கம், எலும்பு மேட்டுக்கு நாலு விரல் மேலே ஒரு புண். நடுவில் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒரு படலம். சுற்றிலும் தோல் கறுத்து, தடித்து, இறுகிக் கிடக்கும். காலையில் கொஞ்சம் வற்றியிருக்கும் கால், சாயங்காலத்துக்குள் வீங்கிக் கட்டை நனைத்துவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நின்றே வேலை பார்த்தவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், ஜவுளிக்கடைப் பணியாளர்கள், பஸ் கண்டக்டர்கள் என்று இந்தப் புண்ணோடு வருபவர்களின் வரிசை நீளமானது. இன்னொரு கூட்டம் உள்ளங்காலில் புண்ணோடு வருகிறது. அவர்களுக்குப் பல வருடமாகச் சுகர் இருக்கும். கால் மரத்துப்போனதால் செருப்பைத் துளைத்து ஏறிய ஆணிகூடத் தெரியாது. நாலு முதல் ஆறு வாரம் தாண்டியும் மூடாத புண்ணை நாள்பட்ட புண் என்று மருத்துவம் கணக்கில் வைக்கிறது. ஆனால் நடைமுறையில் ஆறு மாதம், இரண்டு வருடம் என்று இழுத்த பிறகே பலரும் பெரிய ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ‘அல்ட்ராசவுண்ட் வைத்தால் ஆறிவிடுமாம்’ என்ற பேச்சு காதில் விழுகிறது. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். அந்தப் பெயரில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சிகிச்சைகள் புழக்கத்தில் உள்ளன. ஒரு கருவியில் கிடைத்த ஆய்வு முடிவைச் சொல்லி இன்னொரு கருவியால் சிகிச்சை செய்வது நடக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டியவை இரண்டு: இது எந்த வகைக் கருவி? இந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று கண்டுபிடித்தாகிவிட்டதா?

கருவிகளின் வித்தியாசம்

மனிதக் காதுக்குக் கேட்பது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை, அதாவது 20 கிலோ ஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்டதெல்லாம் அல்ட்ராசவுண்ட். வயிற்றை ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் விநாடிக்கு இருபது லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி அதிர்வு வரை பயன்படுத்துகிறது. அது படம் எடுக்கத்தான், புண்ணுக்கு ஒன்றும் செய்யாது.

பிசியோதெரபி நிலையங்களில் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் வைக்கிறார்களே, அந்தக் கருவி 1 அல்லது 3 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும். ஜெல் தடவி, உலோகத் தலையைத் தோல் மீது வட்டமாக நகர்த்துவார்கள். புண்ணுக்கு வைக்கும்போது அதைப் புண்ணின் மேல் வைப்பதில்லை. சுற்றியுள்ள நல்ல தோலில்தான் வைப்பார்கள். அளவு பெரும்பாலும் சதுர செ.மீ.க்கு 0.5 வாட், விட்டுவிட்டு வரும் துடிப்பு முறையில், 5 முதல் 10 நிமிடம். வேலூரில் தெருவுக்குத் தெரு கிடைப்பது இந்தக் கருவிதான்.

இரண்டாவது வகை 25 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்யும். இதன் முனை உலோகக் கரண்டி வடிவிலோ உளி வடிவிலோ இருக்கும். முனையின் வழியாகச் சலைன் ஓடிக்கொண்டிருக்க, அதை நேராகப் புண்ணின் மேலேயே வைத்து இழுக்கிறார்கள். திரவத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி நொறுங்கும்போது எழும் விசை, அழுகிய சதையையும் கிருமிகள் கட்டிவைத்திருக்கும் பிசுபிசுப்பான படலத்தையும் உதிர்த்துவிடுகிறது. நல்ல சதைக்கு மீள்திறன் இருப்பதால் அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆக, இது சத்தத்தை வைத்துச் செய்யும் ஒருவகைச் சுரண்டல். ஆபரேஷன் கத்தியால் செய்கிற அதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்வதுதான் இதன் நோக்கம்.

மூன்றாவது, புண்ணைத் தொடாத பனித்தூவல் முறை. 40 கிலோ ஹெர்ட்ஸில் அதிரும் முனை, சலைனைப் புகை போன்ற துளிகளாக்கிப் புண் மேல் அனுப்பும். முனைக்கும் புண்ணுக்கும் இடைவெளி 5 முதல் 15 மி.மீ. வரை இருக்க வேண்டும். வாரம் மூன்று முறை. 10 சதுர செ.மீ.க்குக் குறைந்த புண்ணுக்கு 3 நிமிடம், பரப்பு கூடக்கூட நேரமும் கூடும். வலி மிகக் குறைவு. தொட்டாலே அலறும் புண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

இவை தவிர, கட்டுக்குள் வைத்து ஒட்டும் அளவுக்குச் சிறிய, பேட்டரியில் ஓடும் கருவி ஒன்றை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட்டுக்கும் குறைவான மிக மென்மையான ஒலி அது. எதையும் சுரண்டுவதற்காக இல்லாமல், செல்களைத் தூண்டிவிடுவதற்காகச் செய்யப்பட்டது. 2013இல் வெளியான அவர்களுடைய முன்னோடி ஆய்வில் சிரைப் புண் (காலின் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் பழுதாகி வரும் புண்) உள்ள 20 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 20 கிலோ ஹெர்ட்ஸில் 15 நிமிடம் பெற்ற ஐந்து பேருக்கும் நான்காவது அமர்வுக்குள் புண் ஆறியது. அதே அதிர்வை 45 நிமிடம் கொடுத்த குழுவுக்கு அந்தப் பலன் வரவில்லை. 100 கிலோ ஹெர்ட்ஸுக்கும் வரவில்லை. கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்ற நினைப்பு இங்கே செல்லாது என்பதே அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி. ஐந்து பேர் என்பது நம்பிக்கை தரும் தொடக்கம். அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சிகிச்சை முறை எழுத முடியாது.

ஆய்வுகள் சொல்வது

1976இல் லண்டனில் மேரி டைசன் குழுவினர், 3 மெகா ஹெர்ட்ஸ் அலையைத் துடிப்பு முறையில் கொடுத்தபோது சிரைப் புண்கள் வேகமாகச் சுருங்கியதாக எழுதினார்கள். அதன் பிறகு பிசியோதெரபி பாடத்தில் இது இடம்பிடித்தது. ஆய்வுக்கூடத்திலும் நல்ல அடையாளங்கள் தெரிந்தன: நார் உண்டாக்கும் செல்கள் பெருகுகின்றன, வெள்ளணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன என்றெல்லாம்.

பிறகு பெரிய சோதனை வந்தது. பிரிட்டனில் நடந்த வீனஸ் 3 என்ற ஆய்வில் 337 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆறாத, அல்லது 5 சதுர செ.மீ.க்கு மேல் பரப்புள்ள கடினமான சிரைப் புண்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கட்டுச் சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு 1 மெகா ஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட், வாரம் ஒருமுறை, 12 வாரம். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது: ஆறும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. அல்ட்ராசவுண்ட் குழுவில் செலவு கூடியது, தொல்லைகளும் சற்று அதிகம் பதிவாயின. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு, சிரைப் புண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் தந்த 11 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தபோதும், பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் எந்த வகைக்கும் கிடைக்கவில்லை.

தெருவுக்குத் தெரு கிடைக்கும் கருவிக்குத்தான் எதிரான சான்று மிக வலுவாக இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டுவலிக்கு வாங்கிய இயந்திரத்தையே புண்ணுக்கும் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை நல்ல அழுத்தக் கட்டுக்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

பனித்தூவல் முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது சர்க்கரைப் பாதப் புண்ணில் நடந்த ஓர் ஆய்வு, 2005இல் வெளியானது. 12 வாரத்தில் சிகிச்சைக் குழுவில் 40.7 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 14.3 சதவீதம் புண்கள் ஆறின என்ற எண்கள் இன்றும் விளம்பரத் தாள்களில் வருகின்றன. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் 133 பேர். அந்த எண்கள் நெறிமுறைப்படி முழுமையாகச் சிகிச்சை பெற்ற 55 பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பாதிக்கு மேற்பட்டவர்களை ஒதுக்கிவிட்டுச் சொல்லும் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கத்தியால் சுத்தம் செய்வதற்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் சுரண்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். கத்தி வைக்க முடியாத இடங்கள் உண்டு. தசைநாண் தெரியும் புண், குகை மாதிரி உள்ளே ஓடும் புண், வலியால் கிட்டே விடாத நோயாளி, ஒவ்வொரு முறையும் கத்தியெடுத்த மூன்றே நாளில் மறுபடி படலம் கட்டிவிடும் புண். இங்கெல்லாம் குறைந்த அதிர்வுக் கருவி (புண்ணில் வைத்து இழுக்கும் அந்த இரண்டாவது வகை) கையில் இருந்தால் புண் மருத்துவருக்கு வேலை எளிதாகும். சுத்தம் செய்யும் கருவி என்ற அளவில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஆற்றும் கருவி என்று கொண்டாடினால்தான் ஏமாற்றம்.

புண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது

இந்த மண்ணுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் ஏன் ஆறுவதில்லை என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். நோயால் சதை தானாக அழுகிப்போகிறது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. உணர்ச்சி போன காலில் அதே இடத்தில் மறுபடி மறுபடி மிதிப்பதுதான் காரணம் என்று அவர் காட்டினார். புண் உள்ள காலைப் பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டில் வைத்து, அழுத்தத்தைப் பரவலாக்கியபோது, ‘ஆறவே ஆறாது’ என்று கைவிட்ட புண்கள் மூடின. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து வளர்த்த நுண்துளை ரப்பர் செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகள் தேடி வாங்கும் எம்.சி.ஆர். செருப்பாக ஊரெங்கும் கிடைக்கிறது. 1966இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போன பிராண்ட், இதே பாடத்தைச் சர்க்கரைப் பாதத்துக்கும் எடுத்துச் சென்றார்.

அந்தப் பாடம் அல்ட்ராசவுண்டுக்கும் அப்படியே பொருந்தும். உள்ளங்கால் புண்ணை வாரம் மூன்று முறை பனித்தூவலில் குளிப்பாட்டிவிட்டு, நோயாளியை அதே பழைய செருப்போடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவிட்டால், மூன்று நிமிடத்தில் கிடைத்த பலன் முந்நூறு அடி நடப்பதற்குள் நசுங்கிவிடும். உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சை, அந்த இடத்திலிருந்து பாரத்தை எடுப்பது. மாவுக்கட்டு, கழற்ற முடியாத பூட்ஸ், அதுவும் முடியாதபோது புண்ணுள்ள இடத்தில் குழி வெட்டிய எம்.சி.ஆர். அட்டை என்று வழிகள் இருக்கின்றன. புண்ணின் அடியில் மழுங்கிய உலோகக் குச்சியை விட்டுப் பார்த்து எலும்பு தட்டுப்பட்டால், எலும்பில் சீழ் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது எக்ஸ்ரேவும் அறுவை மருத்துவரின் கருத்தும் கிடைக்கும் வரை எந்த அதிர்வும் வேண்டாம்.

கணுக்காலுக்கு மேல் வரும் புண்ணின் கதை வேறு. காலிலிருந்து ரத்தம் மேலேறும் சிரைகளின் வால்வு பழுதாகி, நின்றால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. நம் பக்கம் நரம்பு சுருட்டு என்பார்கள். இதற்கு மருந்து அழுத்தக் கட்டு: கணுக்காலில் 40 மி.மீ. பாதரச அளவு அழுத்தம், மேலே போகப்போகக் குறைய வேண்டும். சிரைகளைப் பழுதுபார்ப்பதும் முக்கியம். 2018இல் வெளியான எவ்ரா ஆய்வில் 450 நோயாளிகளில், பழுதான சிரையை வெப்பத்தாலோ மருந்தாலோ சீக்கிரம் அடைத்தவர்களுக்குப் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. ஒலி அலை எதற்கும் இந்தத் தரத்தில் சான்று கிடையாது.

ஆனால் அழுத்தக் கட்டுக்கு முன்னால் ஒரு சோதனை தவறவே கூடாது: கணுக்காலின் ரத்த அழுத்தம். நோயாளியைப் பத்து நிமிடம் படுக்கவைத்து, இரு கைகளிலும் மேல் அளவு எடுத்து அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கணுக்காலுக்கு மேல் பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியால் பாதத்தின் இரண்டு நாடிகளையும் கேட்டு, அதிகமானதைக் குறிக்க வேண்டும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வருவதுதான் விகிதம். கையில் 140, கணுக்காலில் 126 என்றால் 0.9, அழுத்திக் கட்டலாம். 0.8க்குக் கீழே போனால் முழு அழுத்தம் ஆபத்து. 0.5க்குக் கீழே என்றால் ரத்தமே போதவில்லை; ரத்தக்குழாய் நிபுணரிடம் உடனே போக வேண்டும். நீண்ட காலச் சுகர் உள்ளவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து 1.3க்கு மேல் வரக்கூடும். அது நல்ல எண் போலத் தோன்றி ஏமாற்றும். அப்போது கால் கட்டைவிரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும். விலை அதிகமில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பல மாதம் கட்டுப் போடுவது இன்றும் நடக்கிறது.

கட்டுவதிலும் அடிக்கடி ஒரே தப்பு. புண் கெண்டைக்காலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் அங்கே மட்டும் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். பாதம் வெளியே நிற்கும். இரண்டு மணி நேரத்தில் பாதம் உப்பி, விரல்கள் நீலம் பாரிக்கும். நோயாளி இரவே அவிழ்த்தெறிவார். கணுக்காலை மடக்கி, பாதம் காலுக்கு நேர்கோணத்தில் இருக்க, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி போக வேண்டும். குதிகாலை விடக் கூடாது. உள்ளே பஞ்சுப்பட்டை, குறிப்பாகக் கணுக்கால் எலும்பின் மேலும் முன்னங்கால் எலும்பின் விளிம்பிலும். மெலிந்த கணுக்காலில் அதே இழுவிசை கூடுதல் அழுத்தம் தரும். ஒல்லியானவருக்குப் பஞ்சு இன்னும் தடிமனாக வேண்டும். வேலூர் மே மாத வெயிலில் இந்தக் கட்டு வேர்வையில் ஊறி அரிக்கும் என்பது உண்மை. வாரத்துக்கு இரண்டு முறை மாற்றி, உள்ளே பருத்திக் காலுறை போட்டால் பெரும்பாலோர் தாங்கிவிடுகிறார்கள்.

யானைக்கால் நோயில் வரும் புண்ணும் இந்தப் பகுதியில் பழக்கப்பட்டது. அங்கே வேலை தோல் மடிப்புகளைச் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தினமும் கழுவி, ஈரம் ஒற்றி, கால் உயர்த்திப் படுப்பது. நிணநீர் வீக்கத்தைக் குறைக்க அல்ட்ராசவுண்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை அறையில்

காரணத்தைக் கவனித்தாகிவிட்டது, படலம் மட்டும் விடவில்லை என்ற நிலையில் குறைந்த அதிர்வுக் கருவிக்கு வந்தால், ஒரு அமர்வு இப்படிப் போக வேண்டும். பழைய கட்டைச் சலைனில் நனைத்து எடுப்பார்கள். புண்ணின் மேல் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்து தடவி அரை மணி நேரம் மூடிவைப்பார்கள். இந்த அரை மணியை அவசரத்தில் பத்து நிமிடமாக்கினால் வலிக்கும். அடுத்த தடவை நோயாளி வரமாட்டார். சலைன் பை தொங்கும், காலுக்கு அடியில் தண்ணீர் உறிஞ்சும் விரிப்பும் வடிகால் தட்டும் இருக்கும். முனையைப் புண்ணில் ஒரே இடத்தில் நிறுத்தாமல், மெல்ல, ஒழுங்கான வரிசையில் இழுக்க வேண்டும். ஓரத்தில் இறங்கியிருக்கும் குகைப் பகுதியை மறக்கக் கூடாது. படலம் ஒளிந்திருப்பது அங்கேதான். அடியில் சிவந்த, துளித்துளியாக ரத்தம் கசியும் சதை தெரிந்தால் போதும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் சலைனில். குழாய் மடங்கியோ பை தீர்ந்தோ ஓட்டம் நின்றால், உலோக முனை சில நொடியில் சூடேறிச் சதையைச் சுட்டுவிடும். உணர்ச்சியில்லாத காலில் நோயாளி ‘ஆ’ என்றுகூடச் சொல்லமாட்டார். பையின் அளவை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக் கசிவு நீடிக்கும், முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆபத்து காற்றில். இந்தக் கருவிகள் புண்ணின் கிருமிகளை நுண்துளிகளாக்கி அறை முழுக்கப் பரப்பும். செய்பவருக்கு முகக்கவசமும் கண்ணாடித் தடுப்பும் கையுறையும் கவுனும் தேவை, நோயாளிக்கும் முகக்கவசம் வேண்டும். தனி அறையும், முடிந்ததும் மேசை, விளக்கு, இயந்திரம் எல்லாம் துடைப்பதும் கட்டாயம். திரைச்சீலை மட்டும் போட்ட பொது டிரெஸ்ஸிங் ஹாலில் இதைச் செய்தால், பக்கத்துப் படுக்கையின் புண்ணுக்கும் கிருமி போய்ச் சேரும். கைப்பிடியும் முனையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவில் வேகவேண்டும். பனித்தூவல் முனை ஒருவருக்கு மட்டுமே உரியது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைப்பதைக் கண்ணால் பார்த்தால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பனித்தூவலில் இடைவெளிதான் சூட்சுமம். 15 மி.மீ. தாண்டினால் வெறும் ஈரம்தான் புண்ணில் விழும், 5 மி.மீ.க்குள் போனால் முனை உரசும். முனை புண்ணுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கணுக்கால் வளைவில் கையைச் சாய்த்துக்கொண்டே நகர்த்தத் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

1 மெகா ஹெர்ட்ஸ் கருவியின் தவறுகள் தனி. ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தாலோ தலை சாய்ந்தாலோ அலை தோலுக்குள் போகாமல் திரும்பிவிடும். முன்னங்கால் எலும்பின் மேல் தோலுக்கு அடியில் சதையே கிடையாது. அங்கே தலையை நிறுத்தினால் எலும்புறை சூடாகிக் குத்துவலி வரும். தலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது துள்ளுகிறதா என்று பார்ப்பது இயந்திரம் ஓடுகிறதா என்பதை மட்டுமே காட்டும். திரையில் 0.5 என்று காட்டும்போது உண்மையில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை வருடத்துக்கு ஒருமுறை அளவுமானியில் சோதித்தால்தான் தெரியும். கடைசியாக எப்போது அளவு பார்த்தீர்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு வைக்கவே கூடாது? ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அதை ஸ்கேன் செய்து இல்லை என்று உறுதியாகும் வரை கூடாது. ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்துக் காய்ந்த விரலுக்கும் கூடாது. புண்ணில் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் கூடவே கூடாது. பல வருடம் ஆறாத புண்ணின் ஓரம் காலிஃபிளவர் போலப் புடைத்து, தொட்டாலே ரத்தம் வந்து, நாற்றம் மாறியிருந்தால், ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். முறையான சிகிச்சையிலும் மூன்று மாதம் அசையாத எந்தப் புண்ணுக்கும் இது பொருந்தும். நெஞ்சில் பேஸ்மேக்கர், காலில் தகடு, ராடு இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கணக்கு வைப்பது எப்படி

‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்ற வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் அமர்வுக்குப் பணம் கட்டக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், புண்ணைச் சுத்தம் செய்த பிறகு அளக்க வேண்டும். மிக நீளமான இடத்தையும் அதற்குக் குறுக்கே அகலமான இடத்தையும் பெருக்கிக்கொள்ளலாம். சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து தேதியோடு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்றால் 20. நாலு வாரத்தில் அது 4க்கு 3 ஆனால் 12. அதாவது 40 சதவீதம் சுருக்கம். சிரைப் புண்ணுக்கு அது சரியான பாதை. சர்க்கரைப் பாதப் புண் நாலு வாரத்தில் பாதியாகச் சுருங்கவில்லை என்றால் அது மூடும் வாய்ப்பு குறைவு. சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும். முதல் சுரண்டலுக்குப் பிறகு அளவு கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மறைந்திருந்த ஓரம் வெளிப்பட்டதால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்துக் கல்ச்சர் பார்த்தால் ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும். சுற்றிலும் தோல் சிவந்து பரவுவது, காய்ச்சல், புதிய வலி இவை இருந்தால்தான் ஆன்டிபயாடிக். ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்க ஊற்றுவது, காபித்தூள், சுண்ணாம்பு அப்புவது எல்லாம், சுத்தம் செய்து வெளிக்கொண்டு வந்த புதுச் சதையைத்தான் முதலில் கொல்லும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ சலைனோ போதும்.

ஒரு நடைமுறைக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒடுகத்தூரிலிருந்தோ ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்தோ வாரம் மூன்று முறை வேலூருக்கு வருவது என்றால், அந்த மூன்று நாள் கூலி போகும், பஸ்ஸில் பல மணி நேரம் கால் தொங்கும், அதிலேயே வீக்கம் ஏறும். அப்படிப்பட்டவருக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் அறுவைப் பிரிவில் கத்தியால் ஒருமுறை முறையாகச் சுத்தம் செய்து, நல்ல அழுத்தக் கட்டோடு வீட்டில் கால் உயர்த்திப் படுப்பது, தவணைகளுக்கு அலைவதைவிடப் பலன் தரும். கட்டை மாற்ற வீட்டில் ஒருவரைப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புண் மூடிய அன்றே சிகிச்சையை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. சிரையின் பழுது உள்ளே அப்படியே இருந்தால், புதுத்தோல் சில மாதத்தில் மறுபடி உடையும். முழங்காலுக்குக் கீழ் வரை வரும் அழுத்தக் காலுறையை, காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், கால் வீங்காதபோதே மாட்ட வேண்டும். எழுந்து காபி குடித்துவிட்டு மாட்டினால் ஏறாது. உள்ளே திருப்பி, குதிகால் வரை முதலில் நுழைத்து, பிறகு மெல்ல மேலே ஏற்ற வேண்டும். கையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைக்கலாம். வெயிலில் காயப்போட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதால் நிழலில் உலர்த்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.